கலங்கலுக்கு ஒரு வைத்தியம்

மூன்று தொட்டி ஒயினும் விலை போனால் திராட்சைக் கொடி நிற்கும். ஒன்று தங்கினாலும் மழை முடிந்த கையோடு கொடியை வெட்டிவிட்டு அவகாடோ நடுவேன். போன வாரம் படிக்கட்டில் நின்றுகொண்டு அண்ணன் விநாயகமூர்த்தி சொல்லிவிட்டுப் போன தீர்ப்பு இது. பர்மிய மலைநாட்டில், கலோ மலைச் சரிவில் இருக்கும் அந்த மூன்று ஏக்கரும் அவன் லாரி ஓட்டிச் சம்பாதித்து வாங்கியவை. நிலம் யார் பெயரில் இருக்கிறதோ நியாயமும் அவர் பெயரில்தான் இருக்கும் போலிருக்கிறது என்று தமிழரசி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அந்தத் தீர்ப்பின் கெடு இன்று பிற்பகல் மூன்று மணி. பஹான் பேட்டையில் உணவகம் நடத்தும் டோ தாந்தா அம்மாள் வந்து ருசி பார்க்கப் போகிறார். மருந்து அடிக்காத திராட்சை, எதுவும் சேர்க்காத வெள்ளை ஒயின் என்று கேள்விப்பட்டு அவராகவே தேடிப் பிடித்தவர். பிடித்திருந்தால் மூன்று தொட்டியையும் எடுத்துக்கொள்வதாகப் போனில் சொல்லியிருந்தார்.

மலையில் செய்த ஒயின் நகரத்துப் பசுந்தாங் பேட்டை வீட்டுக் கீழ்த்தளத்துக்கு ஏன் வந்தது என்பது முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். நிலநடுக்கத்தில் கொட்டகைச் சுவர் சாய்ந்துவிட்டது. கணவன் பிரேம்நாத் கொடிகளுக்குக் காவலாக மலையிலேயே தங்கிக்கொள்ள, தமிழரசி தொட்டிகளை அண்ணனின் லாரியில் ஏற்றிக்கொண்டு பிறந்த வீட்டில் வந்து இறங்கினாள். சாமிக்குக் கீழே சாராயம் இருக்கக் கூடாதென்று அம்மா காளியம்மா பூஜை மாடத்தை மாடியின் பின்னறைக்கு மாற்றினாள். நாலு மாதமாகக் கீழ்த்தளத்தை அவள் எட்டிப் பார்க்கவே இல்லை.

அம்மா எட்டிப் பார்க்காததில் தமிழரசிக்கு ஒரு குறையும் இல்லை. மற்றவர்கள் எட்டிப் பார்ப்பதுதான் தொல்லை.

அவள் செய்யும் முறை ஒன்றும் பெரிய மந்திரமில்லை. விடியும் முன்னே, பழம் குளிர்ந்து கிடக்கும்போதே பறிக்க வேண்டும். காம்போடு பிழிந்து சாற்றை மட்டும் எடுக்க வேண்டும். கடை ஈஸ்ட் போடாமல், பழத்தோலில் ஒட்டி வந்ததே நுரைக்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். நுரைத்து அடங்கிய பிறகும் வண்டலின் மேலேயே மாதக்கணக்கில் விட்டுவைக்க வேண்டும். வடிகட்டுவது கிடையாது. தெளிய வைக்க எதையும் போடுவதும் கிடையாது. கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர் மாதிரி லேசாகக் கலங்கித்தான் இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால் பாதி வேலை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பது. இந்த வீட்டில் பிறந்த யாருக்கும் வராத வித்தை அது. சர்க்கரை போடு என்றாள் அண்ணி. சூடு காட்டு என்றார் எதிர்வீட்டுக்காரர். ஆளுக்கொரு நாட்டாமை. அத்தனை பேருக்கும் நாலு மாதமாகச் சிரித்துச் சிரித்தே பதில் சொல்லி அவளுக்குத் தாடை வலித்துப்போயிருந்தது.

காலை ஏழு மணிக்கு, வெளியே விடாத மழை பெய்துகொண்டிருக்க, அவள் கீழ்த்தளக் கதவைத் திறந்தாள். இரவெல்லாம் மீ, அதுதான் கரண்ட், இல்லாமல் கிடந்து விடியும்போதுதான் விளக்கு எரிந்திருந்தது. குளிர்ச்சிக்காகத் தொட்டிகளைச் சுற்றிப் போர்த்தியிருந்த சாக்குகள் காய்ந்து கிடந்தன. சுவரோரம் கட்டிவைத்த ஏணி இரண்டாம் தொட்டியில் சாய்ந்து நின்றது. சாக்கை நனைக்க யாரோ எடுத்தார்களாக்கும், நனைக்கத்தான் காணோம் என்று அலுத்துக்கொண்டு அவளே வாளியைத் தூக்கினாள்.

முதல் இரண்டு தொட்டிகளும் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் எவர்சில்வர் தொட்டிகள். மூடி உச்சியில் இருக்கிறது, ஏணி போட்டால்தான் எட்டும். மூன்றாவது பால்காரர் ஒருவரிடம் பழையதாக வாங்கியது. இடுப்பளவுதான் இருக்கும்.

கைக்கெட்டியது அதுதான் என்பதால் மூன்றாவதின் குழாயை முதலில் திறந்து ஒரு வாய் பிடித்தாள். நாக்கு சுருண்டுகொண்டது. பச்சை வாழைக்காயைக் கடித்தது போல் ஈறெல்லாம் இழுத்தது. நேற்று முன்தினம்வரை தேன் போல் வழுக்கிக்கொண்டு இறங்கிய ஒயின் அது.

குழாயடியைப் பார்த்தாள். அப்பாவின் பழைய கைலிக் கிழிசல் ஒரு மூங்கில் குச்சியின் முனையில் முடிச்சாகத் தொங்கியது. முடிச்சை அவிழ்த்தால், கரைந்தது போக மிச்சம், கற்கண்டு மாதிரி ஒரு துண்டு. அவள் அதை நக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த வீட்டில் பிறந்த குழந்தைகூடப் பார்த்தே சொல்லிவிடும், படிகாரம் என்று.

அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதையும் யார்மேல் காட்டுவது? அப்பா சபாபதி நாற்பத்தோரு வருஷம் நகரத் தண்ணீர்ப் பிரிவில் வேலை பார்த்தவர். அவருக்கு முன்னே அவருடைய அப்பாவும் அங்கேதான். சேற்று நீர் வந்தால் படிகாரத்தைத் துணியில் முடிந்து, குச்சியில் கட்டி, வலமாக நாற்பது சுற்று, இடமாக நாற்பது சுற்று சுற்றுவது அவர் கைப்பழக்கம். கல்யாண வீட்டு ரசம் கலங்கியிருந்தால்கூட அவர் கை சட்டைப்பையைத் தடவும் என்று அம்மா கேலி செய்வாள்.

அவர் மாடியில் மொஹிங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் குச்சியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அப்பா, கீழ என்ன பண்ணீங்க?"

"படிகாரம்தாம்மா. கலங்கலா கெடந்துச்சு. ருசி பாக்க வர்ற அந்த அம்மா முன்னாடி நமக்குத் தலைகுனிவா போயிருமேன்னு ஒரு கட்டி கரைச்சேன்."

"எதுவும் சேக்கக் கூடாதுன்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்."

"படிகாரம் எப்படிம்மா சேத்தது ஆகும்? அது அழுக்கைக் கீழ தள்ளிட்டு ஒதுங்கிக்கும். இந்த ஊரே குடிச்ச சாமான்."

எத்தனை தொட்டி என்று கேட்டாள். மூன்றாவது மட்டும்தான் என்றார். அவள் நேற்று மாலை லான்மடாவுக்குப் பாட்டில் மூடி வாங்கப் போன நேரம் அது. முழங்கால் அறுவைக்குப் பிறகு ஏணி என்கிற சாமானையே தான் தொட்டதில்லை, குட்டைத் தொட்டிக்குத்தான் கை எட்டியது என்று விளக்கினார். மீ போய் இருட்டியதும் விட்டுவிட்டாராம். படி இறங்குவது அவருக்குப் பரவாயில்லை, ஏறுவதற்குத்தான் ஒரு தோள் வேண்டும். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற வந்த மூர்த்தி தோள் கொடுத்து மேலே கொண்டுவந்து விட்டானாம். மகனின் நல்ல குணத்துக்குச் சான்றாக அதை அவர் சொன்னார்.

அவள் கீழே போய் மூன்றாவதிலிருந்து ஒரு தம்ளர் பிடித்துவந்து அவர் முன்னே வைத்தாள். அரிசி கழுவிய நீர் அரிசி கழுவிய நீராகவே இருந்தது.

"தண்ணியிலதான்ப்பா அது வேலை செய்யும். இது புளிப்பு. கட்டி கரைஞ்சுதே தவிர கலங்கல் போகல. ருசிதான் போச்சு."

சபாபதி தம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் விழுந்துவிட்டது. மகள் திட்டியது அவருக்கு உறைக்கவில்லை. தெளியவில்லை என்பதுதான் உறைத்தது. அதைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்ததே இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டக்கூட முடியாத இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறார்களே.

அடுத்த சங்கடம் அவள் நாக்கில் இருந்தது. படிகாரம் பட்ட நாக்கு செத்த நாக்கு. முதல் தொட்டியிலும் இரண்டாம் தொட்டியிலும் குடித்துப் பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி இழுத்தது. வெறும் சோற்றை மென்று துப்பினாள், உப்புநீரில் கொப்பளித்தாள், ஒன்றும் தேறவில்லை. அப்பாவின் பேச்சை நம்பலாம்தான். ஆனாலும் இன்னொரு நாக்கு வேண்டும்.

அந்த இன்னொரு நாக்கு அந்த வீட்டிலேயே இருந்தது என்பதுதான் வேடிக்கை. குழாய் நீரை ஒரு வாய் குடித்து அது எந்த ஏரியிலிருந்து வருகிறது என்று சொல்லக்கூடியவர் சபாபதி. அப்பா, விழுங்க வேண்டாம், வாயில் வைத்துத் துப்பிவிடுங்கள் என்று கெஞ்சினாள். அவர் காதைப் பொத்திக்கொண்டார். இருபது வயதில் தீமிதித்தபோது அம்மனுக்குக் கொடுத்த வாக்கு, மதுவை நாக்கில் படவிடுவதில்லை என்று. ஐம்பத்து நாலு வருஷமாக ஒரு சொட்டுப் பட்டதில்லை.

"மகளோட ஒயின்ல கையை விடலாம். நாக்கைத்தான் விடக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள்.

பன்னிரண்டு மணிக்கு விநாயகமூர்த்தி வந்தான். தாமுவேயிலிருந்து வரும் வழியெல்லாம் தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று சலித்துக்கொண்டே குடையை மடக்கினான். விஷயத்தைச் சொன்னாள். அவன் ஆச்சரியப்படவில்லை. அப்பா பண்ணுவதுதானே என்று தலையை ஆட்டிக்கொண்டான். இரண்டாம் தொட்டியை ருசி பார்த்துச் சொல் என்றதற்கு, வெற்றிலைக் கறை படிந்த பல்லைக் காட்டி, சுண்ணாம்பு வாயில் என்ன ருசி தெரியும் என்று நழுவிவிட்டான். அப்புறம் ஒரு யோசனை சொன்னான். மூன்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் எது எங்கே கெட்டது என்று ஒருவருக்கும் தெரியாதாம்.

"பாட்டில் மேல 'எதுவும் சேர்க்கவில்லை'ன்னு அச்சடிக்கப் போறேண்ணே. அதைத் தவிர என்கிட்ட விக்கறதுக்கு வேற ஒண்ணும் இல்ல."

"மூணு தொட்டின்னு சொன்னேன் தங்கச்சி. ரெண்டுன்னு சொல்லல."

"மூணாவது கெட்டுப்போச்சுன்னு அந்த அம்மாகிட்ட நானே சொல்லிடுவேன். மத்த ரெண்டையும் எடுத்துக்கிட்டா நீ என்ன சொல்றே?"

பார்க்கலாம் என்றான். அண்ணன் வாயிலிருந்து பார்க்கலாம் வருவதே பெரிய காரியம் என்று அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். மலைக்குப் போன் போட்டாள். பிரேம்நாத்தின் குரல் இரண்டு சொல்லுக்கு ஒருமுறை அறுந்தது. மழைக்குக் கொடி நன்றாகத் தழைத்திருக்கிறது, வாத்துகள் நத்தையைத் தின்று கொழுத்திருக்கின்றன என்பது மட்டும் விளங்கியது. ஆறு வருஷம் இரண்டு பேரும் குனிந்து குனிந்து வளர்த்த கொடி.

டோ தாந்தா சொன்ன நேரத்துக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும். செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நனைந்த லுஞ்சி ஓரத்தைப் பிழிந்துகொண்டு உள்ளே வந்தார். அப்பா எல்லாருக்கும் முன்பே இறங்கி வந்து கதவோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மூர்த்தி தூணில் சாய்ந்து நின்றான்.

தமிழரசி முதல் வேலையாக மூன்றாம் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிட்டாள், பர்மிய மொழியில், மூச்சுவிடாமல். என் அப்பா படிகாரம் போட்டுவிட்டார், அதை விற்க மாட்டேன், மற்ற இரண்டும் சுத்தம். டோ தாந்தா சிரித்தார். ஆற்றுக்கு அக்கரையில் தங்கள் வீட்டிலும் குளத்து நீரை அப்படித்தான் தெளிய வைத்தார்கள் என்றார். பிறகு முதல் தொட்டி ஒயினை வாங்கி ஒரு வாய் குடித்து, கண்ணை மூடி, இன்னொரு வாய் குடித்தார். மூன்றாவது வாய்க்கு அவராகவே தம்ளரை நீட்டினார். கலங்கலாக இருக்கிறதே என்று மூர்த்தி குறுக்கிட்டபோது, தெளிவாக வேண்டுமென்றால் கடையில் வாங்கியிருப்பேனே என்று பதில் வந்தது.

தமிழரசிக்கு நாலு மாதத்தில் முதன்முறையாக நெஞ்சு லேசானது.

இரண்டாம் தொட்டி ஒயினைக் குடித்ததும் டோ தாந்தாவின் புருவம் சுருங்கியது. தம்ளரை மெதுவாகப் பெட்டிமேல் வைத்தார். இதுவுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். தமிழரசி அந்தத் தம்ளரையே எடுத்துக் குடித்தாள். நாக்கு இதற்குள் மீண்டிருந்தது. மீளாமலே இருந்திருக்கலாம். அதே இழுப்பு, அதே வாழைக்காய். இரண்டும் சுத்தம் என்று இப்போதுதான் வாயாரச் சொன்னாள். ஒயின் போனால் அடுத்த வருஷம் செய்துகொள்ளலாம். சொன்ன சொல் பொய்யாகி நிற்கிறதே, அதற்கு என்ன செய்வது? முதல் தொட்டியைப் பற்றி இனி அவள் என்ன சொன்னாலும் இந்த அம்மாள் ஏன் நம்ப வேண்டும்?

"அதை இங்க கொண்டா."

முக்காலியில் இருந்த அப்பா கையை நீட்டினார். யாருக்கும் புரிவதற்குள் அவள் கையிலிருந்த தம்ளரை வாங்கி ஒரு வாய் எடுத்தார். அந்தக் காலத்தில் நீர்க்குட்டையின் ஓரத்தில் நின்று செய்தது போலவே, கன்னத்துக்குக் கன்னம் மாற்றி, கொஞ்சநேரம் வைத்திருந்து, தரையோரத்து வாய்க்காலில் துப்பினார். ஐம்பத்து நாலு வருஷம் அந்த வாய்க்காலில் போயிற்று.

"படிகாரம்தான். நான் போட்டதைவிட ஜாஸ்தி," என்று தமிழில் சொன்னார்.

சொல்லிவிட்டு நிமிர்ந்தவரின் பார்வை இரண்டாம் தொட்டியில் சாய்ந்திருந்த ஏணியில் போய் நின்றது. அதன் கீழ்ப்படியிலிருந்து மேல்படிவரை ஏறியது. அங்கிருந்து மூர்த்தியிடம் வந்தது. மூர்த்தி போனில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

அப்பா எழுந்து நின்றார். டோ தாந்தாவின் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பி, அலுவலகத்தில் பேசிப் பழகிய பர்மிய மொழியில் நிதானமாகச் சொன்னார். இதிலும் நான்தான் போட்டேன். மகளிடம் காலையில் மறைத்துவிட்டேன். அவள்மேல் தப்பில்லை. கிழவனை மன்னிக்க வேண்டும்.

காலையில் குட்டைத் தொட்டிக்குத்தான் கை எட்டியது என்று சொன்ன மனிதர் அவர். தமிழரசி வாயைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். தண்ணீரைப் பற்றி அவர் வாழ்நாளில் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை.

டோ தாந்தா முதல் தொட்டியை இன்னொரு முறை குடித்துப் பார்த்து, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். தந்தையே முன்வந்து ஒப்புக்கொள்ளும் வீட்டில் மிச்சத்தையும் நம்பலாம் என்று அவர் சொன்னபோது தமிழரசிக்குத் தலையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மழை முடிந்ததும் மலைக்கு வந்து தோட்டத்தைப் பார்க்க ஆசை, அடுத்த வருஷ அறுவடை முழுவதையும் பேசி வைத்துக்கொள்ளலாம் என்றார் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே.

"அப்போது கொடியெல்லாம் நன்றாக இருக்கும், இல்லையா?" என்று மூர்த்தியைப் பார்த்துக் கேட்டார், வீட்டுக்கு மூத்தவன் என்கிற மரியாதைக்கு.

மூர்த்தி குடையைப் பிடித்துக் காரை நோக்கி வழிகாட்டினான்.

அப்பா குழாயடியில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை, இரண்டுமுறை, பத்துமுறை. அவள் துண்டை நீட்டினாள்.

"ஏணியில எப்படிப்பா ஏறினீங்க?"

"மெல்ல ஏறினேன்."

"அப்பா."

"இன்னைக்கு அவனை ஒண்ணும் கேக்காதம்மா," என்றார் துண்டுக்குள் முகத்தை வைத்தபடியே. "தெளிய வைக்கப் போட்டானா, கெடுக்கப் போட்டானான்னு எனக்கே தெரியல. தெரியறதுக்கு முன்னாடி நீ கேட்டுட்டா, அப்புறம் அண்ணன் தங்கச்சி கிடையாது."

என் கொடி போகுதேப்பா என்று கத்த வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆறு வருஷ உழைப்பு ஒரு பக்கம், இந்த வீட்டு மானம் ஒரு பக்கம். எப்போதும் அவள் பக்கத்துத் தட்டிலிருந்துதான் எடுத்து மறுபக்கத்தில் வைக்கிறார்கள். அவள் கத்தவில்லை. ஏணியைத் தூக்கிச் சுவரோரம் கொண்டுபோய்க் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள். கட்டும்போது எண்ணிப் பார்த்தாள், ஒன்பது படி.

காரை அனுப்பிவிட்டு மூர்த்தி உள்ளே வந்தான். தங்கையின் முகத்தைப் பார்க்காமல் நேரே அப்பாவிடம் போய்த் தோளைக் குனிந்து கொடுத்தான். அப்பா அதைப் பற்றிக்கொண்டார். மாடிக்குப் பதினாறு படி. வலது காலை வைத்து, நின்று, இடது காலை இழுத்து, மூச்சுவாங்கி, அப்புறம் அடுத்தது. தமிழரசி கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவது படியில் மூர்த்தி நின்றுவிட்டான்.

"ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?" என்று அவன் கேட்டது கீழ்வரைக்கும் கேட்டது.

அப்பா அவன் தோளை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒன்பதாவது படியில் காலை வைத்தார்.